ரவைக்கூட்டில் நான் வெட்டிய இரண்டு சுருள்

ஆயுதக் களஞ்சியத்தில் என் கதிரைக்கு வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி புதிய முகாமையாளர் கேட்டார். பக்கத்துக்கு ஒரு படிப்பினை இருந்தால் நல்லது என்றும் சொன்னார். என்னிடம் இருக்கும் படிப்பினைகள் எல்லாம் நான் செய்த முட்டாள்தனங்களிலிருந்து வந்தவை. அவற்றைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்து எழுதத் தொடங்கினால், வாசித்து முடிப்பதற்குள் நீங்களும் ஓய்வுபெற்றுவிடுவீர்கள். ஆகவே பெரிய முட்டாள்தனம் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

துப்பாக்கியை எப்படிக் கழற்றுவது, எங்கே எண்ணெய் போடுவது என்பதெல்லாம் கைநூலில் இருக்கிறது. அதை எழுதியவர் என்னைவிட நன்றாகப் படம் வரைவார். அதில் இல்லாததைத்தான் நான் சொல்ல வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி. நான் குறிஞ்சாக்கேணிக்காரன், இளையவர்கள் எல்லோருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன். இந்த நிறுவனத்துக்கு வருமுன் இருபது வருடம் கிண்ணியாவில் தையல் மெஷின் திருத்தினேன். கடற்கொள்ளைக்காரர் திரியும் கடலைக் கடந்து போகும் சரக்குக் கப்பல்களுக்கு ஆயுதக் காவலர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்று திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் கந்தோர் திறந்திருக்கிறது, களஞ்சியத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்முகத்துக்குப் போனேன். அன்றைய முகாமையாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. நாங்கள் எல்லோரும் அவரை ‘சேர்’ என்றுதான் அழைப்போம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் கேட்டார். கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி அடையாள அட்டையை எடுக்க வேண்டும் என்று தெரியும் என்றேன். இந்த ஊரில் என் வயதுடைய எல்லோருக்கும் சண்டைக் காலத்தில் கிடைத்த அந்தப் பயிற்சி உண்டு. அவர் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வைத்தார். அதற்குள் உப்புக் காற்றில் துருவேறி இறுகிய பத்து ரவைக்கூடுகள். அங்கேயே இருந்து ஏழு கூடுகளை இயங்க வைத்தேன். மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்.

‘மகசின்’ என்று கந்தோரில் சொல்வார்கள், கடிதத்தில் ‘ரவைக்கூடு’ என்று எழுதுவோம். ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் ரவைகளை, அதாவது தோட்டாக்களை, தாங்கும் ஒரு தட்டு, மேலே ரவை வெளியே துள்ளிவிடாதபடி உள்ளே வளைந்த இரண்டு உதடுகள். அவ்வளவுதான். துப்பாக்கியிலேயே மிகவும் மலிவான சாமான். அதனால் யாரும் அதைக் கவனிப்பதில்லை, மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் கார் ஓட்டி வந்தவரைக் கவனிக்காத மாதிரி. துப்பாக்கி சுடாமல் நின்றால் பத்துக்கு எட்டுத் தடவை பிழை அந்தத் தகரப் பெட்டியில்தான் இருக்கும். இதை நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த விதம்தான் இந்தக் கதை.

நம் காவலர்களுக்கு ஒரு முறைப்பாடு இருந்தது. ஒரு கூட்டில் முப்பது ரவை. கடைசி நாலைந்தை உள்ளே அமுக்கும்போது பெருவிரல் நொந்துபோகிறது என்றார்கள். ஒருவர் நகம் கறுத்த விரலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார், திருத்தித் தரச் சொல்வது போல. சேரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சேர் என்னைக் கூப்பிட்டு, நீர்தானே ஸ்பிரிங்காரன், ஏதாவது செய்யும் என்றார்.

செய்தேன். தையல் மெஷினில் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் அடியில் இரண்டு சுருளை வெட்டினேன். ஒரு கிழமையில் நாற்பது ரவைக்கூடுகளை முடித்தேன். கூட்டை மினுக்கிக் கறுப்பு வர்ணமும் பூசினேன். பயிற்சிக்கென்று ஒதுக்கிய பன்னிரண்டு பழைய கூடுகள் மட்டும் மிச்சமாக இருந்தன. சப்பளிந்து வளைந்து அசிங்கமாகக் கிடந்ததால் அவற்றைத் தொட மனம் வரவில்லை.

வெட்டியவற்றைச் சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தேன். ஒவ்வொன்றிலும் போலி ரவை நிரப்பி, துப்பாக்கியில் மாட்டி, கையால் இழுத்து இழுத்து ஏற்றிப் பார்த்தேன். முப்பதும் அழகாக வந்தன. காவலர்கள் சந்தோசப்பட்டார்கள். பெருவிரல்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சேர் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் அடித்து, லமினேற் செய்து, களஞ்சியச் சுவரில் தானே நின்று பூட்டுவித்தார். சேருக்கு லமினேற் செய்வதில் ஒரு பித்து. ஒருமுறை வாசல் பலகையில் அவர் ஒட்டிய அறிவித்தலை ஊருக்குள் திரியும் மான் ஒன்று தின்றுவிட்டது. அன்றிலிருந்து கந்தோரில் லமினேற் செய்யாத கடதாசியே கிடையாது.

இரண்டு மாதம் கழித்துச் சூட்டுப் பயிற்சி நாள் வந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் என்பதால் பார்வையிட நாலைந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போலப் பழைய பன்னிரண்டு கூடுகளை வைத்துச் சுட்டார்கள், பிரச்சினை எதுவும் இல்லை. பிறகு விருந்தினருக்குக் காட்டுவதற்காக யோகனைக் கூப்பிட்டார் சேர். யோகன் சாம்பல்தீவுக்காரர். கப்பலில் மாலுமியாக இருந்து காவலுக்கு மாறியவர். நிதானமான ஆள், குறி தப்பாதவர். வியாழக்கிழமை புறப்படும் கப்பலில் முதல்முறையாகத் துணைத் தலைவராகப் போக இருந்தார். அது அவருடைய ஊரில் கோயில் வீதி வரைக்கும் தெரிந்த செய்தி. அவர் கையில் நான் திருத்தி வர்ணம் பூசிய கூடுகளைத்தான் கொடுக்க வேண்டும் என்பது சேரின் கட்டளை, பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று.

யோகன் சுட்டார். இருபத்தெட்டாவதில் துப்பாக்கி நின்றது. அவர் அதைச் சரிசெய்து மறுபடி சுட்டார், மறுபடி நின்றது. இரண்டாவது கூட்டை மாட்டினார். அதுவும் கடைசி ரவையில் நின்றது. விருந்தினரில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சேரின் காது சிவந்தது. ரவைக்கூட்டை வள்ளத்துச் சுக்கானைப் போல இழுத்துப் பிடிக்கிறான், அதனால்தான் இறுகுகிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்படி இழுத்துப் பிடித்தாலும் சிலவேளை நிற்கும் என்பது உண்மைதான். அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

நான் போய் அந்தக் கூட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி ரவை உதடுகளுக்குக் கீழே சரிந்து கிடந்தது. தட்டை விரலால் அமுக்கினேன். அது எதிர்த்து நிற்கவில்லை, இடம் விட்டுக் கொடுத்தது. அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது.

இப்போது உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன். கூடு நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் நசுங்கிக் கிடக்கிறது, அப்போது அதற்குப் பலம் அதிகம். ரவைகள் போகப் போக அது நீண்டு பலம் குறைகிறது. கடைசி ரவையைத் தூக்கும் நேரத்தில் அதற்கு இருப்பது மிகக் குறைந்த பலம். ஆனால் துப்பாக்கியின் வேகம் குறைவதில்லை. முதல் ரவைக்கு எவ்வளவு நேரம் கொடுத்ததோ, கடைசி ரவைக்கும் அதே கண்ணிமைக்கும் நேரம்தான். ஆகவே இதை வடிவமைத்த மனிதர் ஸ்பிரிங்கைப் பெட்டியைவிட நீளமாகச் செய்து உள்ளே திணித்து அடைத்தார். கடைசி ரவையிலும் அது உதைக்க வேண்டும் என்பதற்காக. நிரப்பும்போது பெருவிரல் நோகும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. நொந்தால் நோகட்டும் என்று யோசித்து முடிவெடுத்திருக்கிறார். நான் அவருடைய முடிவைப் பிழை என்று நினைத்துத் திருத்தினேன். கையால் மெதுவாக இழுத்துப் பார்த்தபோது ஸ்பிரிங்குக்கு வேண்டிய நேரம் கிடைத்தது. தையல் மெஷினில் யாரும் அந்த வேகத்தில் சேலைக்குக் கரை அடிப்பதில்லை.

இவ்வளவும் விளங்கிய பிறகு நான் என்ன செய்தேன் என்றால், கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றேன். விருந்தினர் நிற்கிறார்களே, போன பிறகு சொல்லுவோம் என்று நினைத்தேன். போன பிறகு சேர் கோபத்தில் இருக்கிறாரே, நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன். புதன்கிழமை காலையில் யோகனைக் கப்பலிலிருந்து நீக்கி ஒரு பண்டகசாலை வாசலுக்குப் போட்டிருந்தார்கள். அவருடைய இடத்துக்கு வேறொருவர். இனிச் சொல்லியும் என்ன பயன் என்று நினைத்தேன். பயந்தவனுக்கு நியாயம் கிடைக்காமல் போவதே இல்லை.

புதன் பின்னேரம் யோகன் களஞ்சியத்துக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நானா, நான் பிடிச்ச விதம் பிழையோ? எனக்கு ஒருக்கா காட்டித் தாறீங்களா?”

இல்லை என்ற ஒரு சொல் போதும். நான் அதைச் சொல்லவில்லை. துப்பாக்கியை எடுத்து, வெறும் கூட்டை மாட்டி, கையை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று அரை மணித்தியாலம் அவருக்குப் பாடம் நடத்தினேன். வாழ்க்கையில் ஒருநாளும் துப்பாக்கி சுடாத நான், குறி தப்பாத மனிதருக்கு. அவர் கவனமாகக் கேட்டார், செய்து காட்டினார், சரியா என்று கேட்டார். சரி என்றேன். போகும்போது நன்றி சொன்னார். சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்து, உங்களிட்ட முதலே வந்திருக்க வேணும் என்றும் சொன்னார்.

அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டார், வயிற்றுக் கோளாறு என்றேன். இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அதையும் பொய் சொல்லி வாங்கிக் குடித்தேன்.

வியாழன் காலை. கப்பல் பின்னேரம்தான் வரும் என்று இருந்தது. அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று எந்த வழியையும் தேடாமல் மேசை லாச்சியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு ரஞ்சினி வந்தார். லிங்கநகர்ப் பெண், கப்பல் நேரங்களையும் ரேடியோவையும் பார்ப்பவர். இந்தக் கந்தோரில் உண்மையில் முகாமை செய்தவர் அவர்தான், சேர் லமினேற் செய்தார். கப்பல் முந்தி வருகிறது, துறைமுகத்துக்குள் வராது, வெளியே வேகத்தைக் குறைத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், படகு பதினொன்றுக்குப் புறப்படுகிறது என்று சொன்னார். நாலு காவலரும் சாமான்களும் ஏற்கனவே இறங்குதுறையில் நிற்பதாகவும், நான் வெட்டிய நாற்பதில் இருபது ரவைக்கூடுகள் அவர்களுடன் போய்விட்டதாகவும் சொன்னார்.

நான் எழும்பி நின்றேன். படகைக் கொஞ்சம் பிந்தச் செய்ய முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். முழுவதையும் முதல்முறையாக ஒரு மனிதப் பிறவிக்குச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“சேருக்குச் சொன்னீங்களோ?”

“இல்ல.”

“யோகண்ணைக்கு?”

நான் லாச்சியை இழுத்து மூடினேன். அவர் ரேடியோப் பக்கம் திரும்பிக்கொண்டு, கடதாசி வேலை என்று இருபது நிமிசம் பிடித்து வைக்கலாம், அதற்கு மேல் ஏலாது என்றார்.

இருபது நிமிசத்தில் எனக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. இதைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு அருமையான யோசனை வரும். பழைய பன்னிரண்டு கூடுகளும் அலுமாரியில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை அவை ஒழுங்காகச் சுட்டதை எல்லோரும் பார்த்தோம். அவற்றைக் கொண்டுபோய், வழமையான மாற்றம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, வெட்டியவற்றை வாங்கி வந்துவிடலாம். கப்பலில் போகிறவர்களுக்கு ஆபத்து இல்லை. சான்றிதழுக்கும் ஆபத்து இல்லை. புதிய ஸ்பிரிங் ஓடர் பண்ணிச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். யோகன் மட்டும் பண்டகசாலை வாசலில் நிற்பார். அதைப் பிறகு பார்ப்போம்.

பன்னிரண்டையும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினேன். ஐம்பது வயதுக்காரன் வெயிலில் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மன்னிக்கவும், அன்று காற்சட்டைதான் போட்டிருந்தேன். ஆனால் ஓடிய விதம் சறத்தோடு ஓடிய மாதிரித்தான் இருந்தது என்று படகோட்டி பிறகு சொன்னார்.

குழுத் தலைவர் சிங்களவர். முன்பு படையில் இருந்தவர், திருகோணமலையில் கலியாணம் செய்ததால் நம்மைப் போலவே தமிழ் கதைப்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். இந்தத் தொழிலில் எனக்கு யாராவது எதையாவது கற்றுத் தந்தார்கள் என்றால் அது அவர்தான். பெட்டியைத் திறந்து பார்த்தார். சப்பளிந்து போன பன்னிரண்டு கூடுகள்.

“ஏன் மாத்துறது?”

“சேவிஸ்.”

“எங்களிட்ட இருக்கிறதுதானே சேவிஸ் செஞ்சது.”

இது வேறு சேவிஸ் என்றேன். என் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது. அவர் பெட்டியை மூடி, அதன்மேல் இருந்துகொண்டார். படகோட்டி இயந்திரத்தை நிற்பாட்டினார்.

“காரணம் சொல்லுங்க நானா. சொல்லாட்டி இதையும் எடுக்க மாட்டன், அதையும் எடுக்க மாட்டன். நாங்க நாலு பேரும் ஏற மாட்டம்.”

சத்தம் போடவில்லை. சோறு வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னார். மூன்று காவலரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் யோகன் நீங்கியதால் எண்ணிக்கைக்குச் சேர்க்கப்பட்டவர், முதல் பயணம், புதுச் சப்பாத்து. அவருடைய கண்ணைத்தான் நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் இன்னொரு பொய்யும் சொல்லியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

“ஸ்பிரிங்ல ரெண்டு சுருள் வெட்டினது நான். லேசா நிரப்பலாம் எண்டு. கடைசி ரவை ஏறாது. யோகன்ட கையில பிழை இல்ல, பிழை எல்லாம் என்னிட்ட.”

அந்த நேரம் பார்த்துச் சேர் வந்து சேர்ந்தார். படகு ஏன் நிற்கிறது என்று பார்க்க வந்தவர், கடைசி வசனத்தை முழுதாகக் கேட்டுவிட்டார். அவருடைய காது மறுபடி சிவந்தது. என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதினால் புதிய முகாமையாளர் வெட்டிவிடுவார். திட்டி முடித்த பிறகு, இருபத்தைந்து ரவை மட்டும் நிரப்பிக்கொண்டு போனால் என்ன என்று கேட்டார். அது பெருவிரலுக்குத்தான் நல்லது, எத்தனை நிரப்பினாலும் கடைசி ரவை கடைசி ரவைதான் என்று சொன்னேன். அன்று நான் சொன்ன ஒரே உருப்படியான தொழில்நுட்பக் கருத்து அது.

ரஞ்சினியின் குரல் ரேடியோவில் வந்தது. கப்பல் காத்திருக்காது, முகவர் சத்தம் போடுகிறார், என்ன சொல்லட்டும் என்று கேட்டார். எல்லோரும் சேரைப் பார்த்தோம். ஆட்கள் இல்லாமல் கப்பலை அனுப்பினால் அந்த வாடிக்கை போய்விடும். கோளாறான கூடுகளோடு ஆட்களை அனுப்பினால் அந்த ஆட்கள் போய்விடலாம். சேர் வாயைத் திறந்தார், மூடினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து விட்டது நான்.

குழுத் தலைவர் பெட்டியிலிருந்து எழும்பினார். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். உதடுகளில் விரலை ஓட்டினார். அவசரமே இல்லை. ரேடியோவில் ரஞ்சினி இரண்டாம் முறை கேட்டபோதும் அவர் ஒன்பதாவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் சேரிடம் திரும்பினார்.

“ஆளுக்கு மூண்டு. நல்லது பன்னண்டு போதும் சேர். தெரியாத இருபது வேணாம்.”

சேர் தலையசைத்தார். படகு இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. குழுத் தலைவர் ஏறுமுன் என் பக்கம் வந்து, யோகனுக்கு நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும், சேர் சொல்லக் கூடாது, நீங்கள் என்று மட்டும் சொன்னார்.

கொள்ளைக்காரர் வந்தார்களா என்று கேட்கத்தான் போகிறீர்கள். வரவில்லை. ஆறு கிழமை கடலைப் பார்த்துக் கறுத்து, கரம்போட் விளையாடி, நிறை கூடித் திரும்பி வந்தார்கள். ஒரு ரவைகூடச் சுடவில்லை. என் இருபது கூடுகளைக் கொண்டுபோயிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றும் நடக்காததால் நான் செய்தது சரி என்று ஆகிவிடாது என்பதை இரண்டு வருடம் கழித்துத்தான் என் மண்டை ஏற்றுக்கொண்டது.

சேர் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. என் நேர்மைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். நிற்பாட்டினால் கடிதத்தில் காரணம் எழுத வேண்டும், எழுதினால் அனுமதிப்பத்திரம் கொடுப்பவர்கள் வாசிப்பார்கள். அதற்குப் பதிலாக, தானே ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றினார். நாலாவது திருகாணி இறுகிப் போயிருந்தது. நான்தான் எண்ணெய் விட்டு இளக்கிக் கொடுத்தேன். புதிய ஸ்பிரிங்குகள் வரும்வரை யோகனுக்குப் பதிலாகப் பண்டகசாலை வாசலில் என்னை நிற்க வைத்தார். அந்த வாசலில் வெயில் காலை ஏழு மணிக்கே வந்துவிடும்.

யோகனிடம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து போனேன். மோட்டார் சைக்கிளில் சாம்பல்தீவு வரைக்கும் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வேலியடியில் அவரைக் கண்டதும் எல்லாம் மறந்துவிட்டது. கதிரை எடுத்துப் போட்டார். மனைவி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார், அவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்தே சொன்னேன். ஸ்பிரிங்கை வெட்டியது, செவ்வாய்க்கிழமை அங்கேயே விளங்கியது, சொல்லாமல் விட்டது, எல்லாம். யோகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“ஸ்பிரிங்க வெட்டினது பிழை, அது ஆருக்கும் வரும். அரை மணித்தியாலம் எனக்குக் கை பிடிக்கக் காட்டித் தந்தீங்களே நானா. அது என்னத்துக்கு?”

யோகன் எழும்பி உள்ளே போய்விட்டார். அந்த நேரம் அவருடைய மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் கையில் தந்து, குடித்துவிட்டுப் போங்கள் என்றார். கொதிக்கக் கொதிக்க இருந்தது. வைத்துவிட்டு எழும்புவது மரியாதையில்லை, வேகமாகக் குடிக்கவும் ஏலாது. அந்த வளவுக்குள் தனியே இருந்து, ஒரு ஆடு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஊதி ஊதி முழுவதையும் குடித்து முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எடுத்த தேத்தண்ணி வேறு இல்லை.

யோகன் அடுத்த கப்பலில் துணைத் தலைவராகப் போனார். கந்தோரில் என்னைக் கண்டால் தலையசைப்பார், கதைக்க மாட்டார். குழுத் தலைவர் திரும்பி வந்ததும் சேரைக் கொண்டு ஒரு விதி போடுவித்தார். களஞ்சியத்தில் எதைத் திருத்தினாலும், திருத்தியவர்தான் அதை முதலில் சுட வேண்டும். கையால் இழுத்துப் பார்ப்பது சோதனையாகாது. அந்த அறிவித்தல் இப்போதும் உங்கள் கதவில் இருக்கிறது, லமினேற் செய்துதான்.

அடுத்த சூட்டுப் பயிற்சி நாளில் புதிய ஸ்பிரிங் போட்ட நாற்பது கூடுகளையும் கொண்டுபோனேன். அன்றைக்குப் பயிற்சியை நடத்தியவர் யோகன். நாற்பதிலிருந்து தானே ஒன்றைப் பொறுக்கி, முப்பது ரவையையும் தன் பெருவிரலால் நிரப்பினார். நேரம் எடுத்தது, கடைசி ஐந்துக்கும் முகத்தைச் சுளித்தார். துப்பாக்கியில் மாட்டி என் கையில் தந்தார். அறிவித்தலைப் போட்டவர்கள் இப்படி ஒருவன் வந்து நிற்பான் என்று எதிர்பார்க்கவில்லை. துப்பாக்கியை எந்தத் தோளில் வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. என்னுடைய இடது கையை எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் யோகன் வைத்தார். பத்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வாய் திறந்தார்.

“மெதுவா நானா. நான் பக்கத்தில நிக்கிறன்.”

முப்பதையும் சுட்டேன். இலக்கில் ஒன்றுகூடப் படவில்லை. பின்னாலிருந்த மண் அணையில் எல்லாம் போய் விழுந்தன, இரண்டு அதிலும் விழவில்லை என்று பிறகு சொன்னார்கள். தோள் நீலம் பாய்ந்து ஒரு கிழமை நொந்தது. ஆனால் துப்பாக்கி எங்கேயும் நிற்கவில்லை. யோகன் கூட்டைக் கழற்றி, உள்ளே பார்த்து, தட்டை விரலால் அமுக்கினார். அது திருப்பி உதைத்தது. பிறகு அந்தக் கூட்டைத் தன் இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு, மிச்சம் முப்பத்தொன்பதையும் நானே சுட வேண்டும் என்றார்.